அலகுக் கணக்கு: காலபாகஸ் தீவுக் குருவிகளின் வரலாறு

இக்கட்டுரை ஒரு பழைய பாக்கி. 2009-ஆம் ஆண்டு, சார்லஸ் டார்வின் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் கல்லூரி வாசல் மிதிக்காதவன். தானிய வியாபாரம் செய்கிறவன். இரவில் கடை சாத்திய பிறகு நாலு புத்தகம் புரட்டும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் மேடை ஏறி, "டார்வின் காலபாகஸ் தீவில் இறங்கினார், தீவுக்குத் தீவு குருவிகளின் அலகு வேறுபட்டிருப்பதைக் கண்டார், அந்தக் கணமே பரிணாமக் கொள்கை அவர் மனத்தில் மின்னலடித்தது" என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது.

கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது, பள்ளி ஆசிரியை ஒருவர் அருகில் வந்து, "ஐயா, ஒரு சந்தேகம். எந்தக் குருவியை எந்தத் தீவில் பிடித்தோம் என்று டார்வின் எழுதி வைத்திருந்தாரா?" என்று கேட்டார். "எழுதாமல் இருப்பாராம்மா?" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பெரும்பாலானவற்றுக்கு அவர் எழுதி வைக்கவில்லை! நான் மேடையில் சொன்ன மின்னலும் அடிக்கவில்லை. பேரேட்டில் தப்பு விழுந்தால் அடித்துத் திருத்திக் கீழே கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். அந்தத் திருத்தமே இக்கட்டுரை.

தீவுகளும் குடியேறிகளும்

தென் அமெரிக்காவில் எக்வடார் நாட்டுக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1000 கி.மீ. தூரத்தில், பசிபிக் பெருங்கடலில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடப்பவை காலபாகஸ் தீவுகள். கடலுக்கடியிலிருந்து எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உண்டானவை. எக்காலத்திலும் இவை பெருநிலத்தோடு ஒட்டியிருந்ததில்லை. ஆகவே அங்குள்ள செடி கொடி, ஆமை, ஓணான், பறவை எல்லாமே கடல் கடந்து வந்த குடியேறிகளின் வழித்தோன்றல்கள்தாம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதைக் கேட்க ஒரு நெருக்கம் தோன்றுகிறதல்லவா?

அப்படி வந்த ஒரு சிறு குருவிக் கூட்டம், 10 முதல் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கியது என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இவற்றை ஃபிஞ்ச் என்று சொன்னாலும் இவை அசல் ஃபிஞ்ச் குடும்பம் அல்ல. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய டானேஜர் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த ஒரு கூட்டம் இன்று ஏறக்குறைய 17 இனங்களாகப் பிரிந்து வாழ்கிறது.

பார்வைக்கு எல்லாம் கறுப்பும் பழுப்புமான சாதாரணக் குருவிகள். வித்தியாசமெல்லாம் அலகிலும், அந்த அலகு தேடும் இரையிலும்தான் இருக்கிறது. பெரிய தரைக்குருவிக்கு அலகு பாக்குவெட்டி மாதிரி. கெட்டி விதையையும் உடைத்துவிடும். சிறிய தரைக்குருவி பொடி விதை பொறுக்கும். கதிர்க்குருவி போன்றதற்கு ஊசி அலகு. அது பூச்சி தேடும். கள்ளிக்குருவிக்கு நீண்ட அலகு. அது குடைவது எதைத் தெரியுமா? நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் உறவையே! அங்கே அது மரமாக வளர்ந்து நிற்கிறது. மரங்கொத்தி வேலை செய்யும் ஒரு குருவி, கள்ளி முள்ளையோ குச்சியையோ அலகில் பிடித்துப் பொந்துக்குள் இருக்கும் புழுவை நெம்பி எடுக்கும். ஊல்ஃப் என்னும் வறண்ட தீவில் வாழும் ஒன்று, பெரிய கடற்பறவைகளின் இறகு முளையைக் கொத்தி இரத்தமே குடிக்கிறது. வயிறு என்ன செய்யச் சொல்லவில்லை!

மார்க்கா போடாத மூட்டை

பீகிள் கப்பல் 1835 செப்டம்பர் மத்தியில் தீவுகளை அடைந்தது. டார்வினுக்கு அப்போது வயது 26. ஐந்து வாரம் அந்தக் கடற்பகுதியில் இருந்தார். நான்கு தீவுகளில் இறங்கினார். அங்கே தற்காலிகப் பொறுப்பில் இருந்த நிக்கோலஸ் லாசன் என்ற அதிகாரி, "ஓர் ஆமையைக் காட்டினால் அது எந்தத் தீவுடையது என்று சொல்லிவிடுவேன்" என்ற பொருள்படச் சொன்னார். இவ்வளவு பெரிய துப்புக் கிடைத்தும் டார்வின் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. கப்பலில் உணவுக்காக ஏற்றிய ஆமைகளைச் சமைத்துச் சாப்பிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். சாட்சியைத் தின்றுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

குருவிகளின் கதையும் அதுதான். அவர் சுட்டுப் பாடம் செய்து கொண்டுபோன குருவிகள் 31. ஒரு தீவில் பிடித்ததையும் இன்னொரு தீவில் பிடித்ததையும் கலந்து வைத்துவிட்டார். அதுமட்டுமா? அவை எல்லாம் ஒரே குடும்பம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஊசி அலகு உள்ளதை வேறொரு பூச்சிதின்னிப் பறவை என்றும், கள்ளிக்குருவியை வேறொரு குடும்பம் என்றும் எண்ணினார்.

தானிய வியாபாரிக்கு இந்தத் தவறு சட்டென்று விளங்கும். நாலு ஊர்த் துவரை வருகிறது. எந்த மூட்டை எந்த ஊர் என்று மார்க்கா போடாமல் கொட்டிக் கலந்துவிட்டால், பிறகு எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஊர் தெரியாது. சரக்கு இருக்கும், சேதி போய்விடும்.

ஆனால் ஒரு பறவை விஷயத்தில் மட்டும் அவர் தீவின் பெயரைக் குறித்து வைத்தார். அது மாக்கிங் பறவை. மற்றப் பறவைகளின் குரலைப் போலப் பாடும் இனம். தீவுக்குத் தீவு அது மாறுகிறதே என்று திரும்பும் வழியில் யோசிக்கத் தொடங்கினார். அவருடைய ஐயத்துக்கு விதை போட்டதில் பெரும்பங்கு அதற்கும், தென் அமெரிக்காவில் கிடைத்த புதைபடிவங்களுக்குமே உரியது.

1837 ஜனவரியில் இலண்டன் விலங்கியல் சங்கத்தில் ஜான் கூல்டு என்ற பறவை அறிஞர் அந்தக் குருவிகளை ஆராய்ந்து, இவை பல குடும்பம் அல்ல, ஒரே புதுக்குழு என்று அறிவித்தார். இவர் முறையான பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர், தோட்டக்காரர் மகன், பறவைகளைப் பாடம் செய்யும் தொழிலிலிருந்து மேலே வந்தவர். என் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி ஓர் ஆறுதல்.

அப்போதுதான் டார்வின் பதறினார். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும், தம் உதவியாளர் சிம்ஸ் கோவிங்டனும் தனியே சேகரித்து வைத்திருந்த குருவிகளைத் தேடிப்போய்ப் பார்த்தார். அவர்கள் தீவின் பெயரைக் குறித்து வைத்திருந்தார்கள்! மேதை மறந்ததை ஒரு வேலையாள் மறக்கவில்லை. இந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மின்னல் கதையைச் சொன்னேனே என்பதுதான் என் வருத்தம்.

டார்வின் தம் தவறை மறைக்கவில்லை. பயணநூலின் 1845-ஆம் ஆண்டுப் பதிப்பில், இரண்டு தீவுகளின் சேகரிப்பைக் கலந்துவிட்டதைத் தாமே ஒப்புக்கொண்டார். அலகுகளின் படிப்படியான வேறுபாட்டைக் காட்டி, ஒரே இனத்திலிருந்து பல பயன்களுக்காக இவை மாறியிருக்கலாம் என்ற கருத்தையும் அதில்தான் குறிப்பாக வெளியிட்டார். 1859-இல் வந்த அவருடைய பெரும் நூலான உயிரினங்களின் தோற்றத்தில் இக்குருவிகள் தனித்துப் பேசப்படவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

பெயர் வந்த கதை

"டார்வின் குருவிகள்" என்ற பெயர் 1936-இல் பெர்சி லோ என்ற ஆங்கிலேயர் சூட்டியது. அதைப் பரப்பியவர் டேவிட் லாக். இவர் அப்போது ஒரு பள்ளி ஆசிரியர். 1938-39-இல் தீவுகளுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கினார். அருங்காட்சியகங்களில் இருந்த குருவிகளின் அலகுகளையும் அளந்தார். அலகு வேறுபாடு ஒன்றை ஒன்று அடையாளம் காணத்தான், இரைக்காக அல்ல என்று முதலில் எழுதினார். பிறகு தம் கணக்கையே மறுபடி பார்த்து, இரைக்கான போட்டியே முக்கியக் காரணம் என்று 1947-இல் வெளிவந்த நூலில் மாற்றிச் சொன்னார். எழுதியதை மாற்றுவதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும்.

இந்தப் புகழெல்லாம் சேர்ந்து, டார்வின் கண்டார், உடனே தெளிந்தார் என்ற கதை பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. ஃபிராங்க் சல்லோவே என்ற அமெரிக்க வரலாற்றறிஞர் டார்வினின் கையெழுத்துக் குறிப்புகளையும் பறவைகளில் கட்டியிருந்த சீட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 1982-இல் இக்கதையின் பிழையை நிறுவினார். நான் மேடையேறியதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே உண்மை அச்சில் இருந்தது. தேடாதது என் குற்றம்.

நெருஞ்சி விதையும் ஒரு பஞ்சமும்

சரி, அலகு இரைக்கேற்ப மாறுகிறது என்று சொல்லிவிட்டால் போதுமா? கண்ணால் பார்த்தவர் யார்? டார்வினே இது மிக மெதுவாக நடக்கும், மனிதன் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தார்.

1973-இல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் டாஃப்னே மேஜர் என்ற சிறு தீவில் வேலையைத் தொடங்கினர். தீவின் பரப்பு சுமார் 34 ஹெக்டேர், நம் கணக்கில் 85 ஏக்கர் இருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கிடையாது. மனிதக் குடியிருப்பு கிடையாது. படகிலிருந்து பாறைக்குத் தாவித்தான் ஏற வேண்டும். அங்கே 40 ஆண்டுகள், 2012 வரை, இடைவிடாமல் கணக்கெழுதினார்கள். மெல்லிய வலையில் குருவியைப் பிடிப்பது, அலகின் நீளம், உயரம், அகலம், உடல் எடை அளப்பது, காலில் வண்ண வளையம் போடுவது, பறக்க விட்டுவிடுவது. எந்தக் குருவி எதோடு சோடி சேர்ந்தது, எத்தனை குஞ்சு, எது பிழைத்தது, எது செத்தது என்று எல்லாமே ஏட்டில் ஏறியது.

1977-இல் மழை பொய்த்தது. மழைக்காலம் முழுவதும் பெய்தது 24 மி.மீ. மட்டுமே. பொடி விதைகளை எல்லாம் குருவிகள் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது பெரும்பாலும் முள்ளோடு கூடிய கெட்டி விதை. அது டிரிபுலஸ் என்ற செடியின் விதை. வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சியின் இனம்தான்! செருப்பில்லாமல் கரட்டில் நடந்தவர்களுக்கு அதன் கெட்டித்தனம் தெரியும். நடுத்தரத் தரைக்குருவிகளில் அலகு கொஞ்சம் உயரமாக இருந்தவை அதை உடைத்து உண்டன. மற்றவை பட்டினியில் மாண்டன. அந்த இனத்தில் சுமார் 85 சதவீதம் அழிந்துபோயின.

பிழைத்தவற்றின் சராசரி அலகு உயரம், முன்னிருந்ததைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல். அரை மில்லிமீட்டர்! தராசில் நிற்காத வித்தியாசம். ஆனால் உயிருக்கும் சாவுக்கும் நடுவே அதுதான் நின்றது. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது ஆதலால், அடுத்த தலைமுறைக் குஞ்சுகளும் பெரிய அலகோடு பிறந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நானே பலகாலம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். பசித்ததால் எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. கடலையைச் சல்லடையில் சலித்தால் மணி பெருப்பதில்லை. சின்ன மணி கீழே விழுந்துவிடுகிறது, பெரிய மணி மேலே தங்குகிறது. தங்கியதையே விதைக்கு எடுத்தால் அடுத்த விளைச்சல் கொஞ்சம் பருமனாக இருக்கும். பஞ்சம் ஒரு சல்லடை. இயற்கைத் தேர்வு என்று சொல்வது இதைத்தான்.

சல்லடையின் கண்ணும் ஒரே அளவாக இருப்பதில்லை. 1982-83-இல் எல் நினோ என்னும் கடல்வெப்ப மாற்றத்தால் பேய்மழை கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடின. பொடி விதை பெருகியது. அதற்குப்பின் வந்த வறட்சியில் சின்ன அலகுகாரர்களே மேலாகப் பிழைத்தார்கள். அதே மழைச் சமயத்தில் பெரிய தரைக்குருவி இனமும் அத்தீவில் குடியேறியது. அதனால் 2004-05 வறட்சியில் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. கெட்டி விதையை வந்தவர்களே தின்று தீர்க்க, நடுத்தர இனத்தில் பெரிய அலகு உள்ளவை மடிந்தன. அலகு சராசரி சிறுத்தது. எது சிறந்த அலகு என்று எவராலும் நிரந்தரமாகச் சொல்ல முடியாது. எந்த ஆண்டு, எந்தத் தீவு, பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்தது.

இந்த மாற்றத்துக்கு அடியில் உள்ள மரபணுக்களும் பின்னர் வெளிப்பட்டன. அலகின் வடிவத்தோடு தொடர்புடைய ஏஎல்எக்ஸ்1 என்பது 2015-இலும், அளவோடு தொடர்புடைய எச்எம்ஜிஏ2 என்பது 2016-இலும் அறிவிக்கப்பட்டன. 2004-05 வறட்சியில் எது பிழைத்தது, எது மாண்டது என்ற கணக்கை இந்த இரண்டாவது மரபணுவோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. காரணம், ஒவ்வொரு குருவியின் பேரிலும் ஏடு இருந்தது.

கொல்லாமல் கற்றது

நான் சமணக் குடியில் பிறந்தவன். ஓரறிவு முதல் ஐந்தறிவு வரை உயிர்களை வகுத்து, எதையும் கொல்லாதே என்று சொல்லி வளர்த்தார்கள். அதனால் இந்த வரலாற்றில் ஒரு விஷயம் என் கண்ணை விட்டு விலகவில்லை. டார்வின் காலத்தில் ஒரு பறவையை அறிவது என்றால் அதைச் சுடுவது என்று பொருள். 1905-06-இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் பயணக்குழு ஆயிரக்கணக்கில் பறவைகளைப் பாடம் செய்து கொண்டுபோனது. அவர்களைப் பழிக்க நான் வரவில்லை. அது அக்கால முறை. அந்தப் பெட்டிகளைத் திறந்துதான் லாக்கும் அளந்தார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். செத்த குருவி ஓர் அலகைத்தான் காட்டும். அது பஞ்சத்தில் பிழைத்திருக்குமா, அதன் பிள்ளைக்கு எப்படிப்பட்ட அலகு என்று அதனால் சொல்ல முடியாது. கிராண்ட் தம்பதியர் பிடித்ததை விட்டுவிட்டதால்தான் 1977-இன் கணக்கு உலகுக்குக் கிடைத்தது. இங்கே கொல்லாமை வெறும் இரக்கம் அல்ல. அறிவுக்கே அதுதான் வழியாக இருந்தது.

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி கேட்டாள்: "அத்தனை குருவி பட்டினி கிடந்து சாகறப்ப, கையில இருந்த அரிசியை நாலு பிடி போடக் கூடாதா?" போட்டால் கணக்கு கெட்டுவிடும் என்றேன். "கணக்கு பெரிசா, உசிரு பெரிசா?" என்றாள். வாயடைத்துப் போனேன். அந்தப் பஞ்சம் இயற்கை கொண்டுவந்தது, மனிதன் செய்ததல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதி விடைதான்.

மீதி விடையை இன்றைய தீவுகள் தருகின்றன. மனிதரோடு கப்பலேறி வந்த ஓர் ஒட்டுண்ணி ஈ, குருவிக் கூடுகளில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்கின்றன. கூடுகளில் இது 1997-இல் கண்டறியப்பட்டது. இசபெலா தீவின் கண்டல் காடுகளில் மட்டும் வாழும் ஒரு குருவி இனம் ஏறத்தாழ நூறு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. இங்கே அறிவியலாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 2014 முதல் அந்த இனத்தின் முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார்கள். நாம் செய்த கேட்டுக்கு நாம்தானே பரிகாரம் செய்ய வேண்டும்? இதைப் படித்துக் காட்டினேன். "இது சரி" என்றாள்.

திருத்தமும் கையெழுத்தும்

ஆக, என் 2009-ஆம் ஆண்டுப் பேச்சை அடித்துத் திருத்தி இவ்வாறு எழுதுகிறேன்: டார்வின் தீவில் குருவிகளைப் பார்த்து உடனே தெளியவில்லை. அவர் குறிக்க மறந்தார். மற்றவர் குறித்து வைத்தார்கள். கூல்டு பிரித்துக் காட்டினார். டார்வின் தவறை ஒப்புக்கொண்டு மேலே சிந்தித்தார். லாக் அளந்தார், பிறகு தம் முடிவையே மாற்றினார். கிராண்ட் தம்பதியர் 40 ஆண்டுகள் உயிரோடு விட்டு எண்ணினார்கள். இது ஒருவர் கண்ட மின்னல் அல்ல. பலர் எழுதிய பேரேடு.

நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மொட்டை மாடிக்கு வரும் குருவியோ, பூங்காவில் கிடக்கும் விதையோ, எதைப் பார்த்தாலும் தேதியும் இடமும் போட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். இன்று அதற்கு மதிப்புத் தெரியாமல் இருக்கலாம். கோவிங்டனுக்கும் அன்று தெரிந்திருக்காது.

அந்த ஆசிரியை பின்னர் பணிமாற்றலில் வேறு ஊருக்குப் போய்விட்டார். இம்மலர் எப்படியாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அம்மா, உங்கள் கேள்விக்கான சரியான விடை இதுதான்: எழுதி வைக்கவில்லை. பாக்கி தீர்ந்தது, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.